கணக்கைப் படித்தால் போதுமா?



உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் பலர். அவர்களுடைய உம்மாமார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" கணக்கீடு என்றால் விளங்குகிறது. வங்கியியல் என்றால் விளங்குகிறது. ஆனால் பிள்ளை வந்து "நடத்தைசார் பொருளியல்" என்று ஒரு பாடத்தின் பெயரைச் சொன்னால் வீடே திகைத்துப் போகிறது. "நடத்தையா? அதை நாங்கள் வீட்டில் சொல்லித் தரவில்லையா?" என்று வாப்பா கேட்பார். மூத்தம்மா சிரிப்பார்.

சிரிக்க வேண்டிய விஷயம் அல்ல. இன்றைய வியாபார உலகம் இந்தப் பாடத்தை மிகவும் கவனமாகப் பார்க்கிறது. உங்கள் மகள் இதைப் படிக்கலாம். அல்லது இதைப் படித்தவர்கள் விரிக்கும் வலையில் உங்கள் மகளும் நீங்களும் விழலாம். இரண்டில் எது நடந்தாலும் இது என்னவென்று தெரிந்து வைத்திருப்பது நல்லது அல்லவா? ஆகவே இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

கஜுக் கிண்ணம்

ரிச்சர்ட் தேலர் என்பவர் அமெரிக்காவில் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆய்வு மாணவராக இருந்த காலம். சக மாணவர்களை ஒருநாள் இரவு விருந்துக்கு அழைத்தார். சாப்பாடு தயாராகும் வரை கொறிக்கட்டும் என்று ஒரு பெரிய கிண்ணத்தில் கஜு வைத்தார். வந்தவர்கள் கை ஓயாமல் எடுத்துச் சாப்பிட்டார்கள். இப்படியே போனால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது என்று கண்ட தேலர், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினியில் ஒளித்து வைத்தார். திரும்பி வந்தபோது எல்லோரும் அவருக்கு நன்றி சொன்னார்கள்.

வந்தவர்கள் பொருளியல் படிப்பவர்கள் அல்லவா? உடனே அவர்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. மனிதனுக்குத் தெரிவுகள் கூடினால் நன்மையே தவிர நட்டம் இல்லை என்பது அவர்கள் படித்த பாடம். கஜு வேண்டாம் என்றால் சாப்பிடாமல் இருந்திருக்கலாமே! கிண்ணத்தை எடுத்துப் போனதற்கு ஏன் மகிழ வேண்டும்?

விருந்தாளிகள் வயிறு நிறைந்துவிடக் கூடாதே என்று பலகாரத் தட்டை மெதுவாக உள்ளே எடுத்துச் செல்லும் எந்த உம்மாவுக்கும் இதன் விடை தெரியும். மனிதனுக்குத் தன் நன்மை எது என்று தெரியும்; ஆனால் கண் முன்னால் இருப்பதைக் கை விடாது. இந்தச் சாதாரண உண்மைக்குப் பொருளியல் புத்தகத்தில் இடம் இருக்கவில்லை. அந்தப் புத்தகங்களில் வரும் மனிதன் எப்போதும் கணக்குப் பார்ப்பவன், அவசரப்படாதவன், ஆசைக்கும் வெட்கத்துக்கும் மயங்காதவன். அப்படி ஒரு மனிதனை உங்கள் தெருவில் கண்டிருக்கிறீர்களா?

தேலர் அந்தக் கேள்வியை விடவில்லை. டானியல் கானமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இந்தத் துறைக்கு அடித்தளமாக அமைந்தது. நூறு ரூபாய் கிடைத்தால் வரும் மகிழ்ச்சியை விட, நூறு ரூபாய் தொலைந்தால் வரும் வேதனை பெரிது என்பது அதன் முக்கியமான கருத்துகளில் ஒன்று. ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது என்று பின்னர் அவர்கள் கணித்தார்கள். ட்வெர்ஸ்கி 1996இல் காலமானார். கானமனுக்கு 2002இலும் தேலருக்கு 2017இலும் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கானமன் 2024இல் மறைந்தார்.

பொருளியலும் உளவியலும் இப்படிக் கைகோத்து நிற்பதுதான் நடத்தைசார் பொருளியல். மனிதன் எப்படி நடக்க வேண்டும் என்று உபதேசிப்பது அதன் வேலை அல்ல. காசு விஷயத்தில் அவன் உண்மையில் எப்படி நடக்கிறான் என்று பார்ப்பதே அதன் வேலை.

கடைக்காரருக்கு இதில் என்ன?

இனி வியாபாரத்துக்கு வருவோம். அமெரிக்காவில் கடன் அட்டைகள் பரவிய காலத்தில் ஒரு தகராறு வந்தது. அட்டையால் பணம் செலுத்துவோருக்கு ஒரு விலை, ரொக்கமாகக் கொடுப்போருக்குக் குறைந்த விலை என்று கடைக்காரர்கள் வைக்க முயன்றார்கள். அட்டைக் கம்பனிகள் ஒன்றை வலியுறுத்தின: வித்தியாசம் இருந்தால் அதற்கு 'ரொக்கத்துக்குக் கழிவு' என்று பெயர் வையுங்கள், 'அட்டைக்கு மேலதிகக் கட்டணம்' என்று சொல்ல வேண்டாம். கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கழிவைத் தவறவிடுவது அவ்வளவாக உறைக்காது. மேலதிகமாகக் கொடுப்பது நட்டமாக உறைக்கும். தேலர் 1980இல் எழுதிய கட்டுரையில் இதை எடுத்துக் காட்டினார்.

இறைச்சியில் ஒரு சோதனை. 1988இல் வெளியான ஓர் ஆய்வில் அரைத்த மாட்டிறைச்சிக்குச் சிலரிடம் '75 சதவீதம் கொழுப்பற்றது' என்றும், வேறு சிலரிடம் '25 சதவீதம் கொழுப்பு' என்றும் சொன்னார்கள். இறைச்சி ஒன்றே. முதலாவது பெயரைக் கேட்டவர்கள் அதை நல்லது என்றார்கள். சுவைத்துப் பார்த்தவர்களிடம் அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. இது கவனிக்க வேண்டிய இடம். வார்த்தையால் ஆளை இழுக்கலாம். நாக்கை ரொம்பத் தூரம் ஏமாற்ற முடியாது.

உடுப்பில் ஒரு சோதனை. தபால் மூலம் பெண்களின் ஆடைகளை விற்கும் ஒரு கம்பனியின் விலைப்பட்டியலில் ஒரே ஆடைக்கு வெவ்வேறு பிரதிகளில் 34, 39, 44 டொலர் என்று விலையிட்டுப் பார்த்தார்கள். 2003இல் வெளியான இந்த ஆய்வில் 34 டொலருக்கு விற்றதை விட 39 டொலருக்கே அதிகம் விற்றது. 9 என்ற எண்ணைக் கண்டதும் 'இது கழிவு விலை' என்று மனம் எண்ணிக்கொள்கிறது. நம் ஊர்க் கடைகளில் 990, 1990 என்று விலைச்சீட்டுத் தொங்குவது ஏன் என்று இனி உங்களுக்கு விளங்கும்.

இதுவரை கேட்டால், "இது ஆளை மயக்கும் வித்தை போலிருக்கிறதே!" என்று உங்களுக்குத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இந்தப் பாடத்தின் பெறுமதி எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு பெரிய கடையின் கதை சொல்கிறேன்.

நேர்மை மட்டும் போதவில்லை

ஜேம்ஸ் காஷ் பெனி என்பவர் 1902இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கெம்மெரர் என்ற சிற்றூரில் ஒரு கடை திறந்தார். அது 'பொன் விதி' என்ற பெயரில் இயங்கிய கடை. உனக்கு எதை விரும்புகிறாயோ அதையே பிறருக்கும் செய் என்பதுதான் அந்த விதி. அந்தச் சிறு கடை வளர்ந்து ஜே. சி. பெனி என்ற பெயரில் ஏறக்குறைய 1,100 கடைகளைக் கொண்ட பெருநிறுவனம் ஆயிற்று. நடுத்தரக் குடும்பங்களின் தாய்மார் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கும் இடம் அது.

காலப்போக்கில் ஒரு வழக்கம் நுழைந்தது. முதலில் விலையை உயர்த்திப் போடுவது; பிறகு 'விலைக்கழிவு' என்று வெட்டி எழுதுவது; அதற்கு மேல் கூப்பன் கொடுப்பது. முழு விலைக்கு வாங்குவோர் மிகச் சிலரே. 2011 இறுதியில் ரொன் ஜோன்சன் என்பவர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அப்பிள் கம்பனியின் கடைகளைக் கட்டியெழுப்பிப் பேர் பெற்றவர். இந்தப் பொய் விலை எதற்கு என்று கேட்டார். 2012இல் கூப்பன்களையும் அடிக்கடி வரும் கழிவு விற்பனைகளையும் நிறுத்திவிட்டு, முதல் நாளிலிருந்தே குறைந்த, நேரான விலையைப் போட்டார்.

சகோதரிகளே, நம்மைப் போன்றவர்கள் அந்தத் தீர்மானத்தைக் கேட்டால் "மாஷா அல்லாஹ்!" என்றுதான் சொல்வோம். ஆனால் நடந்தது என்ன? அந்த ஒரு வருடத்தில் விற்பனை ஏறக்குறைய 25 சதவீதம் விழுந்தது. 1,700 கோடி டொலருக்கு மேல் இருந்தது சுமார் 1,300 கோடி டொலராயிற்று. 2013 ஏப்ரலில் ஜோன்சன் பதவியை இழந்தார். கூப்பன்கள் திரும்பி வந்தன. கம்பனி 2020இல் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்பை நாட வேண்டியதாயிற்று. அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

ஏன் இப்படி? ஒரு பொருளை வாங்கும்போது நமக்கு இரண்டு இன்பங்கள் கிடைக்கின்றன என்று தேலர் சொல்லியிருந்தார். ஒன்று, பொருளின் பயன். மற்றது, 'நல்ல விலைக்கு வாங்கிவிட்டேன்' என்ற திருப்தி. பெருநாளைக்குத் துணி வாங்கிவந்து, "ஐயாயிரம் சொன்னான், மூவாயிரத்து ஐநூறுக்கு எடுத்தேன்" என்று பக்கத்து வீட்டு ராத்தாவிடம் காட்டும்போது முகத்தில் தெரிகிறதே ஓர் ஒளி, அதுதான் இரண்டாவது இன்பம். ஜோன்சன் விலையைக் குறைத்தார். அந்த இன்பத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார். பழைய விலை தெரியாவிட்டால் புதிய விலை மலிவு என்று வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்?

அதை விடப் பெரிய பிழை வேறு. இவ்வளவு பெரிய மாற்றத்தை ஐம்பது கடைகளில் வைத்து ஆறு மாதம் பார்த்திருக்கலாம். அப்படிச் சோதிக்காமல் நாடு முழுவதும் ஒரேயடியாகச் செய்தார்கள். வாடிக்கையாளர் எப்படி நடப்பார் என்று மேசையில் இருந்துகொண்டே முடிவு செய்துவிட்டார்கள்.

நல்ல எண்ணம் வேண்டும். ஆனால் மனிதனை அறியாத நல்ல எண்ணம் கடையைக் காப்பாற்றாது. நடத்தைசார் பொருளியல் படித்த பட்டதாரி ஒரு கம்பனிக்குள் நுழையும்போது கொண்டுபோகும் முதல் பாடம் இதுதான்.

'எனக்குத் தெரியும்' என்பவரும் 'பார்ப்போம்' என்பவரும்

ஒரு கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் ஒன்பது பேர் "எனக்குத் தெரியும், இப்படிச் செய்தால் சனம் வரும்" என்பார்கள். இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர், "சிறிதாகச் செய்து பார்ப்போம், பாதிப் பேருக்குப் பழைய முறை, பாதிப் பேருக்குப் புதிய முறை, யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம், பிறகு எண்ணிப் பார்ப்போம்" என்பார். கேட்க எளிதாக இருக்கிறது. இதற்குத்தான் கம்பனிகள் சம்பளம் கொடுக்கின்றன.

மைக்ரோசொஃப்ட் கம்பனியில் நடந்ததைப் பாருங்கள். இணையத்தில் தேடும் அவர்களது சேவையில் விளம்பரங்களின் தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக் காட்டலாம் என்று ஓர் ஊழியர் யோசனை சொன்னார். பெரியவர்களுக்கு அது முக்கியமாகத் தெரியவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 2012இல் ஒரு பொறியியலாளர், வேலை கொஞ்சம்தானே என்று அதைச் சோதனைக்கு விட்டார். வருமானம் 12 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 10 கோடி டொலருக்கு மேல்! பதவியில் மூத்தவரின் ஊகத்தை விட ஒரு சிறு சோதனை பெறுமதியானது என்பதை அந்தக் கம்பனியே பிறகு எல்லோருக்கும் எடுத்துச் சொன்னது.

சோதனை நம் எண்ணத்தைப் பொய்யாக்கவும் செய்யும். அதைத் தாங்கப் பழகுவதும் படிப்பில் ஒரு பகுதி. இஸ்ரேலின் ஹைபா நகரில் 10 சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பெற்றோர் பிந்தி வருவது அங்கே பிரச்சினை. 6 நிலையங்களில் பிந்துவோருக்கு அபராதம் விதித்தார்கள். நாமும் அப்படித்தானே செய்வோம்? ஆனால் பிந்தி வருவோர் தொகை குறையவில்லை. ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. முன்பு 'டீச்சர் காத்திருக்கிறாரே' என்ற வெட்கம் இருந்தது. அபராதம் வந்ததும் அது போய், 'காசு கொடுக்கிறோமே' என்ற எண்ணம் வந்துவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்துவிட்டும் போன வெட்கம் திரும்பி வரவில்லை. 2000இல் வெளியான இந்த ஆய்வை ஆளணி முகாமைத்துவம் படிக்கும் எவரும் மறக்கக் கூடாது. எல்லாவற்றையும் காசால் திருத்தலாம் என்று நினைக்கும் முதலாளிகள் எத்தனை பேர்!

நம் நாட்டுப் பெண்களைப் பற்றிய ஒரு சோதனை

சோதித்துப் பார்க்கும் இதே முறையில் நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் த மெல், அவருடன் டேவிட் மெக்கென்சி, கிறிஸ்தோபர் வூட்ரஃப் ஆகியோர் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்வோரை 2005இலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமதியான உதவியைப் பணமாகவோ பொருளாகவோ கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. பிறகு இரு சாராரையும் ஒப்பிட்டார்கள். அந்த மூலதனம் மாதத்துக்குச் சராசரியாக 5 சதவீதம் அளவில் இலாபத்தைக் கூட்டியிருந்தது. ஆனால் பிரித்துப் பார்த்தபோது அது ஆண்களின் தொழில்களில்தான் தெரிந்தது. பெண்களின் தொழில்களில் சராசரியாகப் பலன் தெரியவில்லை.

"பார்த்தாயா, பெண்ணுக்கு வியாபாரம் சரிவராது" என்று இங்கே கதையை முடித்துவிடப் பலருக்கு ஆசை வரும். ஆராய்ச்சி அங்கே நிற்கவில்லை. 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு, இந்தியா, கானா, இலங்கை ஆகிய நாடுகளின் தரவுகளை எடுத்து, தனித் தொழிலாகப் பாராமல் முழுக் குடும்பமாகப் பார்த்தது. அப்போது வேறு உண்மை வெளிவந்தது. வீட்டில் கணவனும் ஒரு தொழில் செய்தால், மனைவி கையில் வந்த மூலதனம் அந்தத் தொழிலுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வீட்டில் பெண் மட்டுமே தொழில் செய்தால், அவளுடைய பணமும் நன்றாகவே பெருகுகிறது. குறை பெண்ணின் திறமையில் அல்ல. கேட்ட கேள்வியில் இருந்தது!

நாளை உங்கள் மகள் ஒரு வங்கியிலோ நுண்கடன் நிறுவனத்திலோ பதவியில் இருந்து, 'பெண்களுக்குக் கடன் கொடுப்பதா, வேண்டாமா?' என்று முடிவு எடுக்க நேரலாம். அவள் முதல் ஆய்வோடு நிற்பவளாக இருந்தால் எத்தனை குடும்பங்களின் வாசல் மூடப்படும்! அடுத்த கேள்வியையும் கேட்கப் பழகியவளாக இருந்தால் எத்தனை வாசல் திறக்கும்!

சீட்டுப் பிடிக்கும் கைகள்

இந்த அறிவு மக்களுக்கு நன்மை செய்யுமா? செய்யும். நம் நாட்டில் தனியார்துறை ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குச் சட்டப்படி போகிறது. அமெரிக்காவில் பல கம்பனிகளில் ஓய்வுக்காலச் சேமிப்பில் சேர்வதும் சேராததும் ஊழியரின் விருப்பம். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றே பலருடைய காலம் போய்விடும்.

தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சி என்பவரும் ஒரு திட்டம் வகுத்தார்கள். இன்றைய சம்பளத்தில் ஒரு சதமும் குறைக்க வேண்டாம். இனிமேல் சம்பளம் கூடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதலில் ஒரு பங்கு தானாகச் சேமிப்புக்குப் போகட்டும். விருப்பமில்லாதவர் எப்போதும் விலகலாம். கையில் இருப்பது குறையாததால் நட்டம் என்ற வேதனை இல்லை. முதலில் இதை நடைமுறைப்படுத்திய கம்பனியில், இத்திட்டம் முன்வைக்கப்பட்டவர்களில் 78 சதவீதத்தினர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. 2004இல் வெளியான ஆய்வு இது.

நம் பெண்கள் தெருவுக்குத் தெரு சீட்டுப் பிடிக்கிறார்களே, அதுவும் இந்த அறிவுதான். காசை அலுமாரியில் போட்டாலும் சேரும். ஆனால் அலுமாரிக் காசு அவசரத்துக்குக் கரைந்துவிடும். சீட்டுக்கு ஒரு நாள் உண்டு. அந்த நாளில் பத்துப் பேர் பார்ப்பார்கள். கொடுக்காவிட்டால் முகம் சுருங்கும். தன் மனத்தைத் தானே கட்டிப்போட நம் மூத்தம்மாமார் கண்டுபிடித்த கயிறு அது. பெயர் தெரியாமலே அவர்கள் செய்ததை இன்று பல்கலைக்கழகம் பெயர் வைத்துப் படிப்பிக்கிறது.

கத்தியின் மறுபுறம்

மாம்பழம் வெட்டும் கத்தியால் கையையும் வெட்டலாம். மனிதனின் பலவீனம் தெரிந்தவர் அதற்கு அணைகட்டலாம். அதன் வழியாகப் புகுந்து சல்லியையும் எடுக்கலாம்.

ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டைக் கைத்தொலைபேசியில் விளையாடும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. தவறுதலாக ஒரு பொத்தானைத் தொட்டாலே பணம் பிடிபடும்படி அது அமைக்கப்பட்டிருந்தது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு குற்றம் சாட்டியது. பாவனையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக 24.5 கோடி டொலர் செலுத்த அதை நடத்தும் கம்பனி 2022 டிசம்பரில் இணங்கியது. எந்தப் பொத்தானை எங்கே வைத்தால் விரல் தவறும் என்பதும் மனித நடத்தை பற்றிய அறிவுதானே!

இணையக் கடைகளில் 'இன்னும் இரண்டு மட்டுமே மிச்சம்', 'இப்போது பதினைந்து பேர் இதைப் பார்க்கிறார்கள்' என்று வரும். உண்மையாக இருந்தால் அது தகவல். பொய்யாக இருந்தால்? அரபுக் கல்லூரியில் வியாபாரச் சட்டம் படித்தவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. வாங்கும் எண்ணமில்லாமல் வாங்குபவர் போல் நின்று விலையை ஏற்றிவிடுவதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். அது தடுக்கப்பட்டது. விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் விட்டு, மடி கனத்துத் தெரியும்படி ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவதும் தடுக்கப்பட்டது. அப்படி ஏமாந்து வாங்கியவர் மூன்று நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கண்ணுக்குக் காட்டுவதன் மூலம் மனத்தை வளைப்பது எவ்வளவு பழைய தொழில் என்று பார்த்தீர்களா? கனத்த மடி இன்று தொலைபேசித் திரைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வாசகர்களுக்குக் கையெழுத்து இடும்போது 'நன்மைக்காகத் தூண்டு' என்ற பொருள்பட எழுதுவது தேலரின் வழக்கம். அந்த அறிவைப் பரப்பியவருக்கே அதன் ஆபத்துத் தெரிந்திருக்கிறது. ஒரு பட்டதாரி தன்னைத் தானே கேட்டுக்கொள்ள ஓர் எளிய கேள்வி உண்டு: 'நான் செய்த இந்த ஏற்பாட்டை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியுமா?' சேமிப்புத் திட்டத்தை வகுத்தவர்களால் சொல்ல முடியும். பொத்தானை மறைத்து வைத்தவரால் முடியாது.

மகளை அனுப்புமுன்

இனி உம்மாமார் கேட்ட கேள்விக்கு வருவோம். என்ன வேலை? சந்தைப்படுத்தல், விலை நிர்ணயம், வாடிக்கையாளர் ஆய்வு, ஆளணி முகாமைத்துவம், வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு, இணைய வியாபாரம் என்று பல வாசல்கள் உண்டு. அரசுப் பணிக்கும் பயன்படும். பிரித்தானிய அரசு 2010இல் இதற்கென ஒரு குழுவையே அமைத்தது. வரி கட்டப் பிந்தியவர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் 'பெரும்பாலானோர் நேரத்துக்குக் கட்டுகிறார்கள்' என்ற ஒரு வரியைச் சேர்த்தபோது கட்டுவோர் தொகை கூடியதை அந்நாட்டுச் சோதனைகள் காட்டின.

ஆனால் சில விஷயங்களை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று: பாடத்தின் பெயர் வேலை தராது. இதைத் தனிப் பட்டமாகத்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. பொருளியல், முகாமைத்துவம், உளவியல் ஆகிய பட்டங்களுள் ஒன்றுக்குள் இதை ஒரு பாடமாக எடுப்பது நல்ல வழி. கணக்கீட்டை விட்டுவிட்டு இதைப் படிக்கச் சொல்லவில்லை. கணக்கோடு சேர்த்து மனிதனையும் படிக்கச் சொல்கிறேன்.

இரண்டு: புள்ளிவிவரவியல் இல்லாமல் இந்தப் பாடம் வெறும் கதை. கற்கைநெறியில் புள்ளிவிவரவியல் எத்தனை பருவம் படிப்பிக்கிறார்கள், மாணவர்கள் தாங்களே சோதனை ஒன்று நடத்த வேண்டுமா, ஒரு நிறுவனத்தில் பயிற்சி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்று: படித்த ஒவ்வொன்றையும் வேதவாக்காக எடுக்கக் கூடாது. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், 24 வகை ஜாம் வைத்த மேசையில் நின்று பார்த்தவர்களில் 3 சதவீதத்தினரும், 6 வகை வைத்த மேசையில் 30 சதவீதத்தினரும் வாங்கினார்கள். தெரிவு கூடினால் மனம் குழம்பும் என்று உலகமே பேசியது. பிறகு பலர் செய்த சோதனைகளில் அந்த முடிவு எல்லா இடத்திலும் வரவில்லை. படிவத்தின் அடியில் இல்லாமல் மேலே கையெழுத்து வாங்கினால் மக்கள் உண்மை சொல்வார்கள் என்று 2012இல் வந்த ஆய்வு, தரவுகள் நம்பத்தகாதவை என்று தெரிந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே கேட்டதை அப்படியே ஒப்பிப்பவர் அல்ல, தன் கடையில், தன் வாடிக்கையாளரிடம் மறுபடி சோதித்துப் பார்ப்பவரே இந்தத் துறையில் நிலைப்பார்.

பல்கலைக்கழகம் போகாத சகோதரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டில் கேக் செய்து விற்கிறீர்களா? அபாயா தைத்து விற்கிறீர்களா? கொண்டுவந்து தரும் கட்டணத்தைக் கடைசியில் சொல்வதை விட, முதலிலேயே சேர்த்துச் சொல்லி இரண்டு வாரம் பாருங்கள். பழைய முறையில் இரண்டு வாரம் பாருங்கள். எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெருநாளும் சம்பள நாளும் கணக்கைக் குழப்பாத வாரங்களாகத் தெரிவு செய்யுங்கள். அந்தக் கொப்பி உங்களுக்குச் சொல்வதை எந்த ஆலோசகரும் சொல்லமாட்டார்.

பிள்ளை இந்தப் பாடத்தைப் படிக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஆனால் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: "மகள், மனிதர் எங்கே சறுக்குவார்கள் என்று உனக்குச் சொல்லித் தரப்போகிறார்கள். அந்த இடத்தில் நீ கை கொடுப்பவளாக இரு. வாழைப்பழத் தோல் போடுபவளாக இராதே." அந்த ஒரு வார்த்தையை வீட்டில்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.